ஜன்னல் நிரலும் கருப்புத் திரையும்: இரண்டு பைட் முடிவு ஒன்றைப் பற்றி

ஒரு சின்ன சோதனையோடு ஆரம்பிக்கிறேன். விண்டோஸ் கணினி பக்கத்தில் இருந்தால் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து நோட்பேட் என்று தட்டி என்டர் அடியுங்கள். நோட்பேட் திறக்கும். அதே நொடியில் கருப்புத் திரையில் அடுத்த பிராம்ப்டும் வந்து நிற்கும். நோட்பேடை நீங்கள் மூடினீர்களா, அது ஒழுங்காக முடிந்ததா, நடுவிலேயே செத்துப்போனதா என்று கருப்புத் திரைக்கு எதுவும் தெரியாது. அடுத்து ஐபிகான்ஃபிக் என்று தட்டுங்கள். அது தன் பாட்டைப் பாடி முடிக்கும்வரை பிராம்ப்ட் வராது.

இரண்டுமே .இஎக்ஸ்இ கோப்புகள்தான். இரண்டையும் ஒரே இடத்திலிருந்துதான் கூப்பிட்டோம். ஒன்று பேசுகிறது, இன்னொன்று பேசவில்லை. "நோட்பேடுக்குப் பேச விஷயம் இல்லை, அதனால் பேசவில்லை" என்று நினைத்தால் அது பாதிதான் சரி. நோட்பேட் வாயைத் திறந்து கத்தியிருந்தாலும் நமக்குக் கேட்டிருக்காது. ஏன் என்பதுதான் இந்தப் பதிவு. அந்த ஏற்பாடு சரியா தப்பா என்பதும்.

எனக்கு இது ஏன் உறுத்தியது

பழைய எழுத்துருக் குறியாக்கங்களில் (டிஸ்கி, பாமினி மாதிரி) தட்டச்சு செய்த கோப்புகளை யூனிகோடுக்கு மாற்ற நான் ஒரு நிரல் எழுதி வைத்திருக்கிறேன். சி ஷார்ப்பில் எழுதியது. ஒரு ஜன்னல், இரண்டு பட்டன், அவ்வளவுதான். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், தன் வட்டாரத்துக் கல்வெட்டுகளைப் பற்றிப் பல வருஷமாக எழுதி வைத்திருந்த குறிப்புகளை ஃபிளாப்பிகளிலிருந்து ஒரு பென் டிரைவுக்கு ஏற்றி என்னிடம் கொடுத்தார். 312 கோப்புகள். ஒவ்வொன்றாகத் திறந்து பட்டன் அழுத்திக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். அதனால் நிரலில் ஒரு வசதி சேர்த்தேன். கட்டளை வரியில் கோப்பின் பெயரைக் கொடுத்தால், ஜன்னலைக் காட்டாமல் வேலையை முடித்துவிட்டு வெளியேறும். ஏதாவது கோளாறு என்றால் கன்சோலில் ஒரு வரி எழுதும்.

விஷுவல் ஸ்டுடியோவுக்குள் ஓட்டிப் பார்த்தேன். வேண்டுமென்றே ஒரு கெட்ட கோப்பைக் கொடுத்தேன். அவுட்புட் பகுதியில் எரர் வரி அழகாக வந்தது. சரி என்று ஒரு பேட்ச் ஃபைல் எழுதி, 312-ஐயும் வரிசையாக ஓட விட்டுத் தூங்கப் போனேன். காலையில் 312 யூனிகோட் கோப்புகள் இருந்தன. கருப்புத் திரையில் ஒரு எரர்கூட இல்லை. பென் டிரைவை அழித்து, அதிலேயே புதிய கோப்புகளைப் போட்டு அவரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்துப் போன் வந்தது. "தம்பி, அந்தக் குளத்துக் கல்வெட்டுப் பக்கம் பாதியிலயே நிக்குதே, மீதி எங்கப்பா?"

ஒன்பது கோப்புகள் அப்படிப் பாதியில் நின்றிருந்தன. ஒரு குறிப்பிட்ட பைட் வரும் இடத்தில் என் நிரல் தடுக்கி விழுந்திருக்கிறது. விழுந்ததை ஒன்பது தடவையும் முறையாகச் சொல்லியும் இருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை. ஏழு கோப்புகளை ஃபிளாப்பியிலிருந்து மறுபடி எடுத்தோம். மற்ற இரண்டும் இருந்த ஃபிளாப்பி படிக்கவே வரவில்லை. ஒன்றுக்கு அவர் அச்செடுத்த தாள் வைத்திருந்தார், அதைப் பார்த்துத் திரும்பத் தட்டினேன். இன்னொன்றுக்கு அச்சும் இல்லை. நேரில் போய் மறுபடி படி எடுக்கலாம் என்றால், அந்தக் கல் இருந்த மண்டபத் தரைக்கு இப்போது டைல்ஸ் போட்டுவிட்டார்கள்.

மூலத்தை அழித்தது என் தப்பு. எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காததும் என் தப்பு. அதை யார் தலையிலும் கட்டப் போவதில்லை. ஆனால் எழுதிய எரர் வரி எங்கே போனது என்று தேட ஆரம்பித்தபோது, இது என் ஒருவனுடைய அசட்டையால் மட்டும் வந்த பிரச்சினை இல்லை என்று தெரிந்தது.

இரண்டு பைட்

விண்டோஸில் ஓடும் ஒவ்வொரு .இஎக்ஸ்இ கோப்பின் தலைப்பகுதியிலும் 'சப்சிஸ்டம்' என்று ஒரு புலம் உண்டு. நீளம் இரண்டு பைட். ஆப்ஷனல் ஹெடர் என்று சொல்லப்படும் பகுதியின் தொடக்கத்திலிருந்து 68 பைட் தள்ளி இருக்கும். அதில் 2 என்று இருந்தால் ஜன்னல் நிரல். 3 என்று இருந்தால் கன்சோல் நிரல். நிரலைக் கட்டும்போது லிங்கர் இந்த எண்ணை எழுதிவிடுகிறது. டாட்நெட்டில் வின்இஎக்ஸ்இ என்று தேர்ந்தெடுக்கிறோமே, அது 2. வெறும் இஎக்ஸ்இ என்றால் 3. கோ மொழியில் லிங்கருக்குக் கொடுக்கும் விண்டோஸ்-ஜியுஐ என்ற விருப்பமும், ரஸ்டில் கோப்பின் தலையில் எழுதும் ஒரு வரியும் இதே எண்ணைத்தான் மாற்றுகின்றன.

இந்த எண் 3 ஆக இருந்தால், நிரலின் முதல் வரி ஓடுவதற்கு முன்பே விண்டோஸ் அதற்குக் கன்சோல் இருக்கிறதா என்று பார்க்கும். கூப்பிட்டவரிடம் கன்சோல் இருந்தால் அதையே பங்கு போட்டுக் கொடுக்கும். இல்லையென்றால் புதிதாக ஒன்றைத் திறந்து கொடுக்கும். எண் 2 ஆக இருந்தால் எதுவும் கொடுக்காது. கருப்புத் திரையிலிருந்தே கூப்பிட்டிருந்தாலும் அந்தத் திரைக்கும் நிரலுக்கும் ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது.

அதோடு முடியவில்லை. சிஎம்டி என்ற நம் கமாண்ட் பிராம்ப்டும் இதே எண்ணைப் பார்க்கிறது. 2 என்றால் அது முடியும்வரை காத்திருக்காமல் உடனே அடுத்த பிராம்ப்டைக் கொடுத்துவிடும். வேடிக்கை என்னவென்றால், அதே கட்டளையை ஒரு பேட்ச் ஃபைலுக்குள் எழுதினால் காத்திருக்கும். கையால் தட்டினால் ஒரு நடத்தை, ஃபைலில் எழுதினால் இன்னொரு நடத்தை. பவர்ஷெல்லில் வேறு கதை. சாதாரணமாகக் காத்திருக்காது, ஆனால் நிரலின் வெளியீட்டைப் பைப் போட்டு வேறொன்றுக்கு அனுப்பினால் காத்திருக்கும். இதை யாரும் யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. சுட்டுக்கொண்டுதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் நிரல் விஷயத்தில் நடந்தது இதுதான். எண் 2. கன்சோல் இல்லை. டாட்நெட்டின் கன்சோல் வகுப்பு, எழுத இடம் இல்லை என்று தெரிந்ததும் எரர் எதுவும் எழுப்பாமல் எழுத்தை எல்லாம் சத்தமில்லாமல் விழுங்கிவிடுகிறது. விஷுவல் ஸ்டுடியோவுக்குள் ஓட்டியபோது மட்டும் அது வெளியீட்டைப் பிடித்துத் தன் அவுட்புட் பகுதியில் காட்டியது. அதாவது, எழுதியவன் மேசையில் பேசும் நிரல், பயன்படுத்துபவர் மேசைக்குப் போனதும் ஊமையாகிவிடுகிறது. ஒரு கோளாறு இதைவிட மோசமான இடத்தில் ஒளிந்துகொள்ள முடியாது.

இன்னொரு வயிற்றெரிச்சலும் உண்டு. பேட்ச் ஃபைலில் அந்தக் கட்டளையின் வாலில் இரண்டு 'பெரியது' குறி போட்டு ஒரு கோப்புப் பெயர் கொடுத்திருந்தால், ஒன்பது எரரும் அந்தக் கோப்பில் பதிவாகியிருக்கும். ஏனென்றால் ரீடைரக்ட் செய்யும்போது எழுத வேண்டிய இடத்தின் கைப்பிடி நிரலுக்கு நேரடியாகப் போய்ச் சேருகிறது. அதற்குக் கன்சோல் தேவையில்லை. 'மோர்' கட்டளைக்குப் பைப் போட்டாலும் இப்படித்தான், ஊமை நிரல் பேச ஆரம்பித்துவிடும். ஆக, கோப்புக்கு எழுத வரும், பைப்புக்கு எழுத வரும், மனிதன் பார்க்கும் திரைக்கு மட்டும் வராது.

ஏன் இப்படி வைத்தார்கள்

திட்டுவதற்கு முன் நியாயத்தையும் பார்க்க வேண்டும். இந்தக் கோப்பு வடிவம் விண்டோஸ் என்டி 3.1-உடன் 1993-ல் வந்தது. அப்போது என்டியின் கனவு பெரியது. ஒரே கர்னலின் மேல் வின்32, ஓஎஸ்/2, போசிக்ஸ் என்று பல 'சப்சிஸ்டம்'கள் பக்கத்துப் பக்கத்தில் ஓட வேண்டும். ஒரு கோப்பு எந்தச் சூழலுக்கு உரியது என்று தெரிய ஒரு புலம் வேண்டுமல்லவா? அதுதான் இது. ஓஎஸ்/2-க்கு 5, போசிக்ஸுக்கு 7 என்று எண்கள் இன்றும் பட்டியலில் இருக்கின்றன. அந்த இரண்டு சூழல்களும் காலாவதியாகி வெகுகாலம் ஆகிறது. ஆனால் வின்32-க்குள்ளேயே ஜன்னல், கன்சோல் என்று பிரித்த அந்தப் பிரிவு மட்டும் உறுதியாக நின்றுவிட்டது.

அந்தப் பிரிவு தீர்க்க வந்த பிரச்சினையும் உண்மையானதுதான். விண்டோஸில் பெரும்பாலானோர் நிரலை ஐகானில் இரட்டைச் சொடுக்கித்தான் திறக்கிறார்கள். அப்போது பின்னால் கன்சோல் எதுவும் கிடையாது. எல்லா நிரலுக்கும் கன்சோல் கொடுத்தால், பெயிண்டைத் திறந்தாலும் பக்கத்தில் ஒரு கருப்புப் பெட்டி குதிக்கும். கொடுக்காமலே விட்டால், இரட்டைச் சொடுக்கிய கன்சோல் நிரல் எங்கே எழுதும்? யாராவது ஒருவர் முன்கூட்டிச் சொல்லத்தான் வேண்டும். அதைக் கோப்பிலேயே எழுதி வைத்தார்கள். சாதாரணப் பயனருக்கு இது நல்ல முடிவு, மறுக்கவில்லை.

என் விமர்சனம் வேறு இடத்தில் இருக்கிறது. 'உனக்குக் கன்சோல் வேண்டுமா' என்ற கேள்வியைக் கேட்டதில் பிழை இல்லை. யாரிடம் கேட்டார்கள், எப்போது கேட்டார்கள் என்பதில்தான் பிழை. ஒரு நிரல் இந்தத் தடவை ஜன்னலாக ஓடுகிறதா, வரிகளாகப் பேசப் போகிறதா என்பது கூப்பிடும் நேரத்தில், கூப்பிடுபவருக்குத்தான் தெரியும். அதைக் கட்டும் நேரத்திலேயே எழுதியவனிடம் கேட்டு, தலையெழுத்து மாதிரி பொறித்துவிட்டார்கள். அதோடு இரண்டு தனி விஷயங்களை ஒரே எண்ணில் கட்டிப் போட்டார்கள். 'புதுக் கன்சோல் திறக்காதே' என்பது ஒன்று. 'ஏற்கெனவே இருக்கிற கன்சோலோடும் பேசாதே' என்பது இன்னொன்று. பெரும்பாலான ஜன்னல் நிரல்களுக்கு முதலாவது மட்டும் போதும். இரண்டாவதைக் கேட்காமலே சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள்.

கைவைத்தியங்கள், ஒவ்வொன்றாக

முப்பது வருஷமாக ஆளாளுக்கு ஒரு கைவைத்தியம் செய்திருக்கிறார்கள். நான் முயன்று பார்த்தவற்றையும் படித்தவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வைத்தியம், அலோக்-கன்சோல். ஜன்னல் நிரலே தனக்கென்று ஒரு புதுக் கன்சோலைத் திறந்துகொள்வது. எரர் தெரியும். ஆனால் நீங்கள் கூப்பிட்ட திரையில் தெரியாது, புதிதாகக் குதித்த இன்னொரு பெட்டியில் தெரியும். நிரல் முடிந்ததும் அந்தப் பெட்டி மூடிக்கொள்ளும், எழுத்தும் அதோடு போச்சு. கோளாறு தேடும்போது எழுதியவனுக்கு உதவும். மற்றவருக்கு உதவாது.

இரண்டாவது, அட்டாச்-கன்சோல். கூப்பிட்டவரின் கன்சோலிலேயே போய் ஒட்டிக்கொள்ளும் கட்டளை. இணையத்தில் தேடினால் முதலில் கிடைப்பது இதுதான். விண்டோஸ் எக்ஸ்பியில், அதாவது 2001-ல்தான் வந்தது. 1993 முதல் எட்டு வருஷம் இதுகூட இல்லை என்று அர்த்தம். இதைப் போட்டால் வரி திரையில் வரும். ஆனால் சிஎம்டி காத்திருக்காமல் முன்பே பிராம்ப்டைக் கொடுத்துவிட்டதே? அதனால் பிராம்ப்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும், முடிந்ததும் புதுப் பிராம்ப்டும் வராது. பார்ப்பவர் நிரல் இன்னும் ஓடுகிறது என்று நினைத்துக் காத்துக்கொண்டிருப்பார், என்டர் தட்டினால்தான் விஷயம் தெரியும். சிலர் இதற்கு நிரலே ஒரு பொய் என்டரைத் தட்டி அனுப்பும்படி எழுதுகிறார்கள். அந்த நேரத்தில் பயனர் வேறு ஜன்னலில் ஏதாவது எழுதிக்கொண்டிருந்தால் அந்த என்டர் அங்கே போய் விழும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

இதில் இன்னொரு குழியும் இருக்கிறது. சி, சி++ நிரல்களில் ஒட்டிக்கொண்ட பிறகு வெளியீட்டுக் குழாயைக் கன்சோலுக்குத் திருப்பித் திறக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு திருப்பினால், பயனர் கோப்புக்கு ரீடைரக்ட் செய்திருந்தாலும் அதை மீறித் திரையில் எழுதிவிடும். அதுவரை ஒழுங்காக வேலை செய்த ஒன்றைச் சரிசெய்கிறேன் என்று கெடுத்த கதை ஆகிவிடும். முதலில் கைப்பிடி ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் மட்டும் ஒட்ட வேண்டும். நகலெடுக்கக் கிடைக்கும் பல துண்டு நிரல்களில் இந்தச் சோதனை இருப்பதில்லை.

மூன்றாவது, எண்ணை 3 ஆக வைத்துவிட்டு, ஜன்னலாக ஓடும்போது கன்சோலை மறைப்பது. கருப்புப் பெட்டி ஒரு கணம் மின்னி மறையும். பிளெண்டர் நெடுங்காலம் இப்படித்தான் இருந்தது. 2021-ல் வந்த 3.0 பதிப்பில் அந்த மின்னலை ஒழிக்கவே பிளெண்டர்-லாஞ்சர் என்று தனியாக ஒரு சின்ன நிரலைச் சேர்த்தார்கள். கட்டளை வரியில் கூப்பிடுபவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை, ஐகானைத் தொடுபவருக்கு மின்னலும் இல்லை.

நான்காவது, இரண்டு நிரலாகக் கொடுப்பது. பைத்தானில் பைத்தான், பைத்தான்டபிள்யூ. ஜாவாவில் ஜாவா, ஜாவாடபிள்யூ. விண்டோஸின் ஸ்கிரிப்ட் ஓட்டியில் சிஸ்கிரிப்ட், டபிள்யூஸ்கிரிப்ட். கிம்ப்பில் கிம்ப்-கன்சோல் என்று தனியாக உண்டு. புட்டியை எடுத்துக்கொண்டால் ஜன்னலுக்குப் புட்டி, கட்டளை வரிக்கு பிளிங்க். பார்க்க அழகில்லை, நேர்மையான வழி. என்ன செய்கிறோம் என்பது பெயரிலேயே இருக்கிறது. குறை, பயனர் இரண்டு பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாவது, அந்தக் குறையைத் தீர்க்க மைக்ரோசாஃப்டே செய்த குறும்பு. விஷுவல் ஸ்டுடியோவில் டெவ்என்வி.இஎக்ஸ்இ என்று ஒன்று, டெவ்என்வி.காம் என்று ஒன்று. நீங்கள் வெறுமனே டெவ்என்வி என்று தட்டினால், சிஎம்டி விகுதி வரிசைப்படி முதலில் .காம் கோப்பைத்தான் தேடும். அந்தச் சின்ன கன்சோல் நிரல் உண்மையான ஜன்னல் நிரலைக் கூப்பிட்டு, அது சொல்வதை வாங்கித் திரையில் எழுதி, முடியும்வரை காத்திருக்கும். ஐகான் மட்டும் .இஎக்ஸ்இ-யைக் காட்டும். பெயரில்தான் அது .காம், உள்ளே பார்த்தால் மற்றவை மாதிரி சாதாரண நிரல்தான். டாஸ் காலத்து விகுதி ஒன்று, டாஸ் போன பிறகும் வேலைக்கு உதவுகிறது. லிப்ரே ஆஃபீஸில் எஸ்ஆஃபீஸ்.காம், இங்க்ஸ்கேப்பில் இங்க்ஸ்கேப்.காம் என்று இதே வழியில் வைத்திருக்கிறார்கள். இருக்கிற வைத்தியங்களில் எனக்கு அதிகம் பிடித்தது இதுதான். ஆனாலும் யாராவது .இஎக்ஸ்இ என்று முழுப்பெயரோடு எழுதிவிட்டால் மறுபடி ஊமை.

கடைசியாக, விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் ஒரு அதிகாரபூர்வ வழி வந்திருக்கிறது. நிரலின் மேனிஃபெஸ்டில், கன்சோல் ஒதுக்கும் கொள்கை என்று ஒரு வரி எழுதலாம். எண் 3 ஆகவே இருக்கும், கூப்பிட்டவரிடம் கன்சோல் இருந்தால் அது கிடைக்கும், இல்லையென்றால் புதிதாகத் திறக்காது. மேலே நான் சொன்னேனே, இரண்டு விஷயத்தை ஒரே எண்ணில் கட்டினார்கள் என்று, அந்த முடிச்சை இது அவிழ்க்கிறது. ஒரே வரி. 1993-லிருந்து கணக்குப் போட்டால் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. பழைய விண்டோஸ் இந்த வரியைக் கண்டுகொள்ளாது, அங்கே கருப்புப் பெட்டி குதிக்கும். எனவே எல்லோருக்கும் கொடுக்கும் நிரலில் இதை மட்டும் நம்ப முடியாது.

மற்ற வீடுகளில் எப்படி

யூனிக்ஸ் குடும்பத்தில் இப்படி ஒரு எண்ணே கிடையாது. எந்த நிரலும் 0, 1, 2 என்று மூன்று குழாய்களைக் கூப்பிட்டவரிடமிருந்து வாங்கிக்கொண்டுதான் பிறக்கிறது. ஜன்னல் திறப்பது நிரலின் சொந்த விஷயம், ஷெல்லுக்கு அதில் அக்கறை இல்லை. அதனால் லினக்ஸ் டெர்மினலிலிருந்து ஒரு ஜன்னல் நிரலைக் கூப்பிட்டால் அது பேசும், ஷெல்லும் காத்திருக்கும். காத்திருக்க வேண்டாம் என்றால் வரியின் கடைசியில் 'அண்ட்' குறி போடலாம். முடிவு கூப்பிடுபவர் கையில்.

அங்கே எல்லாம் சொர்க்கம் என்றும் சொல்ல மாட்டேன். ஜிடிகே நிரல் ஒன்றை டெர்மினலிலிருந்து திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், பயனருக்குச் சம்பந்தமே இல்லாத எச்சரிக்கை வரிகள் கொட்டிக்கொண்டே இருக்கும். வாய் இருக்கிறது என்பதற்காக எப்போதும் புலம்பினால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள், உண்மையான எரரும் அந்தக் கூட்டத்தில் காணாமல் போகும். டெர்மினலை மூடினால் கூடவே நிரலும் சாவது இன்னொரு தொந்தரவு.

மேக்கில் இரண்டும் கலந்திருக்கிறது. 'ஓப்பன்' கட்டளையால் ஒரு செயலியைத் திறந்தால் அது சொல்வது டெர்மினலுக்கு வராது, ஓப்பனும் உடனே திரும்பிவிடும். அதே செயலியின் பொட்டலத்துக்குள் போய், கன்டென்ட்ஸ் அடைவில் மேக்ஓஎஸ் என்ற உள்ளடைவில் இருக்கும் நிரலை நேரே கூப்பிட்டால் பேசும். கதவு இருக்கிறது, கொல்லைப்புறமாக வைத்திருக்கிறார்கள்.

தமிழுக்கு மட்டும் உரிய கூடுதல் தொல்லை

ஒரு வழியாக என் நிரலைப் பேச வைத்தேன். முதல் எரர் வரி வந்தது. கோப்பின் பெயர் தமிழில் இருந்ததால் அந்த இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். விண்டோஸ் கன்சோலின் பழைய குறியாக்கப் பக்கம் 437-ல் தமிழுக்கு இடமே கிடையாது. 65001 என்ற யூடிஎஃப்-8 பக்கத்துக்கு மாற்றினால் கேள்விக்குறி போய்க் கட்டங்கள் வந்தன. பழைய கன்சோலின் எழுத்துருவில் தமிழ் இல்லை. வெளியீட்டைக் கோப்பில் எழுதி நோட்பேடில் திறந்தால்தான் எந்தக் கோப்பு என்றே தெரிந்தது.

இதன் அடியில் ஒரு பழைய அனுமானம் இருக்கிறது. கன்சோல் என்பது சமமான கட்டங்கள் கொண்ட பலகை, ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து. 'கொ' என்ற ஓரெழுத்து யூனிகோடில் இரண்டு குறியீடு, கண்ணுக்கு மூன்று உருவம். அதைக் கட்டத்தில் எப்படி அடைப்பது? நிரலுக்கு வாய் கொடுத்த பிறகும், அது தமிழில் பேசினால் கேட்பவருக்குப் புரியுமா என்பது தனிக் கேள்வி. அதனால் இப்போது எரர் வரியில் கோப்புப் பெயரோடு வரிசை எண்ணையும் சேர்த்து எழுதுகிறேன். பெயர் சிதைந்தாலும் 147-வது கோப்பு என்று தெரியும்.

என் தீர்ப்பு

இந்த இரண்டு பைட் முடிவை நான் பெரிய குற்றமாகச் சொல்லக் காரணம், அது பழக்கத்தை உருவாக்கியது என்பதுதான். ஜன்னல் நிரல் எழுதுபவர்களுக்கு வெளியே பேச வழி இல்லை என்று ஆனதும், எல்லாவற்றையும் மெசேஜ் பாக்ஸில் சொல்லப் பழகிவிட்டோம். மெசேஜ் பாக்ஸுக்கு எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்திருக்க வேண்டும். நடுராத்திரி தானாக ஓடும் வேலையில் யார் உட்கார்ந்திருப்பார்கள்? 'ஓகே' அழுத்த ஆள் இல்லாமல் காலைவரை அப்படியே நிற்கும். பேசாத நிரலை இன்னொரு நிரலோடு கோக்க முடியாது, தானாகச் சோதிக்க முடியாது, என்ன நடந்தது என்று பிறகு தேடிப் பார்க்கவும் முடியாது. 1973-லேயே யூனிக்ஸில் பைப் வந்துவிட்டது. ஒன்றின் வெளியீடு இன்னொன்றின் உள்ளீடு என்ற அந்த எளிய யோசனைக்கு வெளியே, உலகத்தில் அதிகம் பேர் பயன்படுத்தும் மேசைக் கணினி நிரல்களில் பெரும்பகுதி நின்றுகொண்டிருக்கிறது.

அதே சமயம் முழுப்பழியையும் விண்டோஸ் மேல் போட்டுவிட்டுக் கை கழுவ எனக்கு உரிமை இல்லை. என் நிரல் எரர் வந்த பிறகும் 0 என்ற முடிவு எண்ணோடுதான் வெளியேறியது. 'எல்லாம் நலம்' என்று அர்த்தம். அந்த எண் கன்சோலை நம்பி இல்லை, பேட்ச் ஃபைலுக்கு அது எப்போதும் கிடைக்கும். 1 என்று சொல்லியிருந்தால், பேட்ச் ஃபைலில் அதைச் சோதித்து முதல் கோளாறிலேயே நிறுத்தியிருக்கலாம். வாயை அடைத்தது விண்டோஸ் என்றால், தலையை ஆட்டி 'சரி' என்று சொன்னது என் நிரல்.

இப்போது என்ன மாற்றியிருக்கிறேன் என்று சொல்லி முடிக்கிறேன். குறியாக்கத்தை மாற்றும் வேலையைத் தனி நூலகமாகப் பிரித்துவிட்டேன். அதன் மேல் இரண்டு மெல்லிய நிரல்கள், ஒன்று ஜன்னல், ஒன்று கன்சோல். விளைவு முதல் குழாயில், புகார் இரண்டாவது குழாயில். ஒரு கோப்பு கெட்டாலும் முடிவு எண் 0 ஆகாது. கன்சோல் நிரல் எந்தக் காரணத்துக்கும் மெசேஜ் பாக்ஸ் போடாது. ஒவ்வொரு கோப்புக்கும் உள்ளே போன பைட் எத்தனை, கடைசியாகப் படித்த இடம் எது என்று ஒரு வரி எழுதும். இரண்டும் பொருந்தவில்லை என்றால் பாதியில் நின்றது என்று தெரிந்துவிடும். சோதனையை விஷுவல் ஸ்டுடியோவுக்கு வெளியே, வெறும் கமாண்ட் பிராம்ப்டில் மூன்று விதமாகச் செய்கிறேன்: சும்மா ஓட்டி, கோப்புக்கு ரீடைரக்ட் செய்து, பைப் போட்டு. மூன்றிலும் அதே வரிகள் வந்தால்தான் அடுத்தவருக்குக் கொடுப்பது.

ஆசிரியருக்கு மறுபடி பென் டிரைவ் கொண்டுபோய்க் கொடுத்தபோது, கோப்புகளோடு அந்தப் பதிவுக் கோப்பையும் அச்செடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் பார்த்தார். "இதை மொதல்லயே குடுத்திருக்கலாமே தம்பி" என்றார். ஆமாங்கய்யா என்றேன். வேறென்ன சொல்ல?

உங்கள் ஜன்னல் நிரலை ஒரு தடவை கருப்புத் திரையிலிருந்து கூப்பிட்டு, ஒரு கெட்ட கோப்பைக் கொடுத்துப் பாருங்கள். அது என்ன சொல்கிறது, எங்கே சொல்கிறது, என்ன எண்ணோடு வெளியேறுகிறது என்று கவனியுங்கள். ஐந்து நிமிஷ வேலைதான்.